இடது பின்னங்காலா, இடது முன்னங்காலா? லாப்ரடாரின் தீராத நொண்டல்

கேள்வி

எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு ஏழு வயது, எடை 38 கிலோ. எட்டு மாதங்களாக நொண்டுகிறாள். படுத்து எழுந்தவுடன் நொண்டல் அதிகமாகவும், சிறிது நடந்தபின் குறைவாகவும் இருக்கிறது. முதலில் பார்த்த மருத்துவர் இடது முன்னங்காலில் வலி என்றார்; அடுத்தவர் இடது பின்னங்கால் என்றார். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் தெரிகிறது. வலி மாத்திரையால் தேறியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என் கணவருக்கோ எந்த மாற்றமும் தெரியவில்லை. நடையை அளக்கும் சோதனையால் இந்தக் குழப்பம் தீருமா?

மறுமொழி 1 (கால்நடை மருத்துவர்)

இரு மருத்துவர்களும் ஒரே நொண்டலைத்தான் பார்த்திருக்கக்கூடும். மெல்லோட்டத்தில் நாய் இடது பின்னங்காலையும் வலது முன்னங்காலையும் ஒரே நேரத்தில் ஊன்றுகிறது. முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் காலை ஊன்றும்போது தலை மேலே எழும். பின்னங்காலில் வலி இருந்தாலோ, பாரத்தை முன்பக்கம் தள்ளுவதற்காக, அந்தக் காலை ஊன்றும்போது தலை தாழும். ஆகவே இடது பின்னங்கால் வலிக்கும் நாய், வலது முன்னங்கால் தரையில் படும்போது தலையைத் தாழ்த்தி, இடது முன்னங்கால் படும்போது உயர்த்துகிறது. பார்ப்பவருக்கு அது இடது முன்னங்கால் நொண்டலாகவே தெரியும். இடுப்பைக் கவனித்தால் வேறுபாடு புரியும்: வலியுள்ள பக்கம் மற்றதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும்.

வழுக்காத தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடத்தி, முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் கைப்பேசியில் ஸ்லோ மோஷன் காணொளி எடுத்துக் கொண்டுபோங்கள். மருத்துவமனைப் பதற்றத்தில் நொண்டலை மறைத்துவிடும் நாய்கள் உண்டு.

எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானத்தின் அளவும் வலியின் அளவும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. எடை கூடிய, நடுவயது லாப்ரடார் ஒரு பின்னங்காலில் மட்டும் நொண்டினால், முழங்காலின் முன் குறுக்கு லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) நைந்திருக்கிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும். உட்காரும்போது அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டுகிறாளா? லிகமென்ட் அறுந்திருந்தால் மாத்திரையை மட்டும் நம்பியிருப்பது போதாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம். நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினால், உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள்.

மறுமொழி 2 (நடை ஆய்வகத்தில் பணிபுரிபவர்)

நலமுள்ள நாய் நிற்கும்போது ஒவ்வொரு முன்னங்காலும் உடல் எடையில் சுமார் 30 சதவீதத்தையும், ஒவ்வொரு பின்னங்காலும் சுமார் 20 சதவீதத்தையும் தாங்கும். ஓடும்போது ஒவ்வொரு காலும் தரையை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்பதை எங்கள் விசைத் தட்டு அளக்கிறது. வேகம் கூடினால் விசையும் கூடும். அதனால் ஒரே வேகத்தில் பலமுறை ஓடவிட்டுச் சராசரி எடுக்கிறோம். எந்தக் கால், எந்த அளவுக்கு என்பதை இது சொல்லும்; எந்த மூட்டு என்பதைச் சொல்லாது. அதற்கு மருத்துவரின் கைதான் வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்வியில்தான் இதன் பயன் பெரிது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து, 2012இல் வெளியான ஓர் ஆய்வில், உரிமையாளர்களின் மதிப்பீடுகளில் கணிசமானவை விசைத் தட்டு காட்டாத முன்னேற்றத்தைக் கண்டதாகக் கூறின. மருத்துவர்களின் கண்ணும் இப்படி ஏமாந்தது. உங்களுக்கும் கணவருக்கும் உள்ள கருத்து வேறுபாடு இயல்பானதே. சிகிச்சைக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை அளந்துவிடுங்கள்.

மறுமொழி 3 (நாய் வளர்ப்பவர்)

எடையைக் குறைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பருமனான நாய்கள் உடல் எடையில் 6 முதல் 9 சதவீதம் இழந்தாலே நொண்டல் குறைவதாக ஆய்வு உண்டு. உங்கள் நாய்க்கு அது மூன்று கிலோ அளவுதான். என் நாய்க்கு உணவை அளந்து வைத்ததும், டைல்ஸ் தரையில் ரப்பர் விரிப்பு போட்டதும் மிகவும் உதவின. வீட்டிலிருக்கும் ஐபுப்ரோஃபெனை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள். அது நாய்க்கு நஞ்சு.

கேள்வி கேட்டவர்

காணொளி எடுத்துப் பார்த்தோம். இடது இடுப்புதான் தூக்கலாக ஏறி இறங்குகிறது. உட்காரும்போது இடது காலைத்தான் வெளியே நீட்டுகிறாள். இத்தனை மாதங்களாக அதைச் சோம்பல் என்றே நினைத்திருந்தோம். திங்கட்கிழமை முழங்காலைப் பரிசோதிக்க நேரம் வாங்கியிருக்கிறோம்.