ஆமைக்குட்டி கண்ணைத் திறக்க மாட்டேங்குது, யூவி பல்புதான் காரணமா?

தூறல்:
லண்டன்ல இருக்கோம். ஹெர்மன் வகை ஆமைக்குட்டி, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். நாலடிக்கு ரெண்டடி மரப்பெட்டி. ஒரு மூலையில சூடு பல்பு, எதிர் மூலையில சுருள் மாதிரி யூவி (புற ஊதாக் கதிர்) பல்பு, பக்கச் சுவர்ல கிளிப் போட்டு மாட்டியிருக்கு. கடையில செட்டாவே குடுத்தது. கொஞ்ச நாளா கண்ணைப் பாதிதான் திறக்குது, மண்ணுக்குள்ளயே புதைஞ்சு கிடக்கு. யூவி பத்தலையா, ஜாஸ்தியா? பெட்டியை ஜன்னலோரம் வச்சா வெயில் போதுமா?

முயலாமை:
ஜன்னல் யோசனையை விட்டுடுங்க. சாதாரணக் கண்ணாடியில வெளிச்சம் வரும், சூடு வரும். உடம்புல விட்டமின் டி3 உண்டாக்குற யூவிபிங்கிற யூவி கதிர் வகை வெளியவே நின்னுடும். டி3 இல்லேன்னா தின்ன கால்சியம் உடம்புல சேராது. ஓடு மெத்துன்னு ஆகும், கால் எலும்பு வளையும்.

கண்ணுக்கு என் சந்தேகமெல்லாம் பல்பு மாட்டின இடத்து மேலதான். வெயில் தலைக்கு மேலேர்ந்து வந்தா, கண்ணுக்கு மேல இருக்குற எலும்பு விளிம்பு நிழல் குடுத்துடும். பக்கத்துலேர்ந்து அடிச்சா நேரா கண்ணுக்குள்ளதான். இன்னைக்கே கழட்டுங்க, சில நாள் யூவி இல்லேன்னா ஒண்ணும் ஆயிடாது.

அப்புறம் ரிஃப்ளெக்டரோட (வெளிச்சத்தைக் கீழ திருப்புற தகடு) ஒரு டி5 யூவி ட்யூப் (ஒல்லியான ட்யூப்லைட் மாதிரி) வாங்கி, சூடு பல்பை ஒட்டியே மேல மாட்டுங்க. ஆமை காலையில எழுந்ததும் சூட்டைத் தேடித்தான் வரும். யூவி எதிர் மூலையில எரிஞ்சா யாருக்கு லாபம்? குளிர்ந்த பக்கம் நல்ல நிழல் இருக்கணும்.

தூறல்:
நன்றிங்க. எவ்வளவு உயரத்துல மாட்டணும்? வீட்ல பூனை இருக்கு, அதனால மேல கம்பிவலை போட்டிருக்கோம்.

முயலாமை:
வலை மூணுல ஒரு பங்கு யூவியை, சிலது அதுக்கும் மேல, தின்னுடும். ட்யூபை வலைக்கு உள்பக்கம் மாட்டுங்க. உயரம் ட்யூபுக்கு ட்யூப் மாறும், அட்டைப்பெட்டியில இருக்குற அட்டவணையைப் பாருங்க. யூவி எவ்வளவுன்னு அளக்குற யூவி இண்டெக்ஸ் மீட்டர் கடனாக் கிடைச்சா விடாதீங்க: ஆமையோட ஓடு இருக்குற உயரத்துல, சூட்டு இடத்துல 3-க்குக் கிட்ட வரணும், நிழல்ல 0. சூட்டு இடத்துல வெப்பம் 35 டிகிரி. பகல்ல 12 மணி நேரம் போதும், ராத்திரி இருட்டு.

கணவாய்ஓடு:
கண்ணுல வீக்கமோ நீர் வடியறதோ இருந்தா காத்திருக்காதீங்க, ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட காட்டுங்க. விட்டமின் ஏ குறைஞ்சாலும், கிருமி தொத்தினாலும் கண் இப்படித்தான் மூடும். எல்லாப் பழியையும் பல்பு மேல போட முடியாது.

மாம்பலத்தான்:
நம்மூர் நட்சத்திர ஆமைக்கும் இதெல்லாம் வேணுமா, மொட்டைமாடி வெயில் போதாதா?

கணவாய்ஓடு:
அதை வீட்ல வைக்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் சார். இருந்தா வனத்துறைகிட்ட ஒப்படைச்சிடுங்க.

தூறல்:
டாக்டர் பாத்துட்டு, கிருமி இல்ல, வெளிச்சம் உறுத்தினதுதான்னு சொட்டு மருந்து குடுத்தாங்க. கண் இப்போ முழுசாத் திறந்திருக்கு. ட்யூப் மாட்டியாச்சு. மீட்டர் முதல்ல 4.6 காட்டிச்சு, சங்கிலியில கொஞ்சம் மேல ஏத்தினதும் 3.1. ட்யூபை எப்போ மாத்தணும்?

முயலாமை:
வருஷத்துக்கு ஒருதடவை. எரியுதேன்னு விட்டுடாதீங்க, வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி இறங்கியிருக்கும். மாட்டின தேதியை ட்யூப் முனையில மார்க்கர்ல எழுதிடுங்க.