பாசையூரில் பிடியரிசி எடுத்துவைத்த காலம்

1990 யூனில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. யாழ்ப்பாணக் கரையோரத்துப் பாசையூரில் எங்களுடையது மீன்பிடிக் குடும்பம். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் கிடைக்காததால் அப்பாவின் எஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. கம்பு ஊன்றிப் போகக்கூடிய ஆழத்தில்தான் தொழில். எதிரே இராணுவம் இருந்த மண்டைதீவுப் பக்கமிருந்து ஷெல் வரும் என்ற பயம் வேறு.

மீன்பிடிக்கிற வீட்டில் என்ன பட்டினி என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். ஐஸ் இல்லை, இறாலையும் நண்டையும் கொழும்புக்கு அனுப்ப வழியில்லை. பிடித்ததை அன்றே ஊருக்குள் வந்த விலைக்குக் கொடுக்கவேண்டும். அந்தக் காசு அரிசிக்கும் காணாது, சீனிக்கும் காணாது. அதனால் பல இரவுகளில் ஒடியல் கூழ்தான், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. அதில் மீனும் நண்டும் தாராளமாக இருக்கும், அரிசியைத்தான் தேடவேண்டும். வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டித் துண்டு.

ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு எரிப்போம். அந்த வெளிச்சம் படிப்புக்கு மட்டும். செபமாலைக்கு விளக்கு தேவையில்லை என்று அம்மம்மா சொல்லிவிட்டார். இருட்டில் மணியைத் தடவித் தடவிச் சொல்வோம். ஷெல் சத்தம் கேட்டால் அவருடைய குரல் இன்னும் பலக்கும்.

1992இல் எனக்கு முதல்நன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு சின்னம்மாவின் மகளுடையது. சவர்க்காரத் தட்டுப்பாட்டால் மற்ற உடுப்புகளைப் பனம்பழம் போட்டுத் தோய்ப்போம், வெள்ளைக்கு அது சரிவராது. அயலில் இருந்த அன்ரி ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த சவர்க்காரத்தில் பாதியை வெட்டித் தந்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

அம்மா உலையில் அரிசி போட முதல் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார். தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு அது போகும். எங்களுக்கே இல்லாத நேரத்தில் இது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அவையளுக்குக் கடலும் இல்லைப் பிள்ளை" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணமே கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. எங்களுக்கும் கடல் இல்லாமல் போனது. சாவகச்சேரி தாண்டி ஒரு சைவக் குடும்பம் மாட்டுக்கொட்டிலைக் கூட்டி இடம் தந்து, தங்கள் பானையிலிருந்தே சோறும் போட்டது. தம்பிக்கு அன்றிரவு காய்ச்சல். அந்த வீட்டு அம்மா விடியும்வரை நித்திரை கொள்ளாமல் அவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.