சர்வேயில் 'உங்க பேச்சு எடுபடுமா' என்ற அந்த ஒரு கேள்வி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர்ப் பொண்ணு:
2023இல் நடந்தது. பெங்களூரில் எங்கள் வீட்டுக்கும் அந்த சர்வே வந்தது, இதுதான் கடைசிக் கேள்வி. அம்மா காவேரித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் டேப்லெட்டோடு நின்ற பெண், "உங்க ஏரியா முடிவுகள்ல உங்க பேச்சு எடுபடும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், ஓரளவு, இல்லை, தெரியாது. அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "முடிவு எடுக்கறது யாரும்மா? பேரைச் சொல்லு, எடுபடுமான்னு சொல்றேன்" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பெங்களூர் மாநகராட்சிக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. நான் யார் பேரைச் சொல்ல? 'தெரியாது' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கா தெரியாது? எந்த மனுவை எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் தெருவுக்கே சொல்லிக்கொடுப்பவள்.

மர்ஃபி டவுன் தம்பி:
அக்கா, கவுன்சிலர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்போதெல்லாம் சனிக்கிழமை வார்டு கமிட்டிக் கூட்டத்துக்கு நோடல் அதிகாரி, அதாவது எங்கள் வார்டுக்கு மாநகராட்சி பொறுப்பாகப் போட்ட அதிகாரி, வருவார். தெருமுனைக் குப்பையை எடுக்கச் சொல்லி மூன்று கூட்டம் போனோம், எடுத்தார்கள். அந்த மாதமே சர்வே வந்தது, நான் 'ஆமாம்' சொன்னேன். என்னோடு மூன்று கூட்டத்துக்கும் வந்த மாடி வீட்டு அண்ணன் 'இல்லை' என்றார். ஏன் என்றேன். "குப்பை இப்ப ஸ்கூல் வாசல்ல கெடக்குது. அந்தப் பிள்ளைங்கள யாரு கேட்டாங்க?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சிவாஜிநகர் அண்ணன்:
நானே சர்வே எடுத்தவன். டீக்கடையில் ஒரு பெரியவர் 'இல்லை' என்றார். நான் குறிப்பதற்குள் கையைப் பிடித்து, "தம்பி, நான் இன்னும் கேட்டே பாக்கலையே" என்றார்.

அதனால் சொல்கிறேன், முதலில் "போன வருஷம் மனு கொடுத்தீர்களா, கூட்டத்துக்குப் போனீர்களா" என்று கேட்க வேண்டும். கேட்டுப் பார்த்துத் தோற்றவரையும் கேட்காமலே இருப்பவரையும் ஒரே 'இல்லை'யில் போட்டால் அந்தக் கணக்கை வைத்து என்ன செய்வது? தண்ணீர், ரோடு, குப்பை எல்லாவற்றையும் 'ஏரியா முடிவு' என்று ஒரே சொல்லில் கட்டாதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். பகலில் போனால் வேலைக்குப் போகிறவர்கள் சிக்க மாட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் போங்கள், வாடகைக்கு இருப்பவர்களை விடாதீர்கள். கேள்வியின் வாசகத்தை வருஷத்துக்கு வருஷம் மாற்றாதீர்கள், மாற்றினால் ஒப்பிட முடியாது. இங்கிலாந்தில் 2012இல் தொடங்கிய 'கம்யூனிட்டி லைஃப் சர்வே'யில் இந்தக் கேள்வி உண்டு. ஆமாம் என்பவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். ஆனால் "இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்" என்று தனியாகவும் கேட்கிறார்கள். தம்பி, உங்கள் மாடி வீட்டு அண்ணனிடம் அதையும் கேட்டிருக்க வேண்டும்.

அல்சூர்ப் பொண்ணு:
அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை. ஆனால் அந்த டீக்கடைப் பெரியவர் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு மறுபடி வந்தா, தெரியாதுன்னு போட்டத முதல்ல அழிக்கச் சொல்லு" என்றாள்.