நிலாவெளிக் கரையில் கிடைத்த திருத்தம்

தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா, வேலையை விட்டிட்டு முழுநேரமாப் படம் வரையப் போறதெண்டா கையில எவ்வளவு வேணும் எண்டு. என்ர கதையைச் சொல்லுறன்.

கொழும்பில ஒரு காப்புறுதிக் கம்பனியில 9 வருசம். விலகேக்க பணிக்கொடையா நாலரை மாத அடிப்படைச் சம்பளம் வந்தது. வருசத்துக்கு அரை மாதம், அதுதான் கணக்கு. 5 வருசம் முடிய முதல் விலகினா அதுவும் இல்லை, திகதியைப் பாத்துக் கடிதம் குடுங்கோ. சேமலாப நிதி பெரிய தொகைதான். ஆனா பொம்பிளையளுக்குப் பொதுவா 50 வயசிலதான் அது கைக்கு வரும், அதை நம்பி இறங்காதையுங்கோ.

திருகோணமலைக்குத் திரும்பி வந்தன். இங்க உல்லாசப் பயணிகள் வாறது சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும். மாரி துவங்கினா உப்புவெளிக் கடையள்ல என்ர படம் தூசி பிடிச்சுக் கிடக்கும். அரை வருச உழைப்பில முழு வருசமும் சாப்பிட வேணும். முதல் மாரியில அம்மாட்டக் கடன் வாங்கினன். அவ ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் கூட வலிச்சது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற.

நான் வரையிறது வாட்டர்கலர். ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிச்சா ஒரு வாஷ், அதுதான் தண்ணியாக் கரைச்ச நிறத்தை, இழுத்து முடிய முதலே தாள் காஞ்சுபோம். அதால விடியக் காலமையே நிலாவெளிக் கரைக்குப் போயிடுவன். ஒருநாள் கரைவலை இழுக்கிறதை, அதுதான் மீன் சேருற வலையின்ர மடியைக் கயிற்றால கரைக்கு இழுக்கிறதை, வரைஞ்சு கொண்டிருந்தன். வயசான ஒரு ஐயா பின்னால வந்து நிண்டு பாத்தார்.

"பிள்ளை, இவையள் வலை இழுக்கேல்லை. சும்மா கயிறு பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. அவர் விடேல்லை. "வா, ஒருக்காப் பிடிச்சுப் பார்" எண்டு கயிற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிடிச்ச உடன விளங்கிச்சு. பாரம் கையில இல்லை, இடுப்பில. குதிக்கால் தானா மணலுக்குள்ள இறங்குது, உடம்பு பின்னுக்குச் சாயுது. உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு போச்சு.

அடுத்த நாள் புதுத் தாளில குதிக்காலில இருந்து வரையத் துவங்கினன். நாலு தாள் பழுதாப் போச்சு, அஞ்சாவது நிண்டுது. கொண்டுபோய் அவரிட்டக் காட்டினன்.

கம்பனியில ஒவ்வொரு வருசமும் மதிப்பீட்டுப் படிவத்தில எனக்கு நல்ல புள்ளிதான். ஆனா என்ர வேலையை ஒருத்தரும் அவ்வளவு நேரம் பாத்ததில்லை. அவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, கயிற்றில விரலை வைச்சுக் கடைசி வரைக்கும் கொண்டுபோனார்.

"இண்டைக்கு மடி பாரம் போல" எண்டார்.