புதுப்பிப்பு: தேங்காய்ப்பால் சேர்த்த ஸ்பகெட்டிக் குழம்பு பிரியாமல் வந்துவிட்டது

சுங்கை சிப்புட்டிலிருந்து மீண்டும் எழுதுகிறேன். தக்காளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ஸ்பகெட்டிக் குழம்பு எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரிவதையும், செம்பனை ஆலையிலிருந்து தாமதமாக வரும் என் கணவருக்கு எடுத்துவைக்கும் பங்கு கட்டியாகிவிடுவதையும் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, ஸ்பகெட்டி வெந்த நீரைக் கொட்டிவிடாமல் எடுத்துவைக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். 500 கிராம் ஸ்பகெட்டிக்கு ஒரு பெரிய குவளை நீரை ஒதுக்கிக்கொண்டு, தக்காளி நன்றாகச் சுண்டியபின் தீயைத் தணித்து, தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் அந்த நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளறினேன். கோதுமையிலிருந்து கரைந்த மாவுச்சத்து கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், குழம்பு பளபளப்பாக ஒவ்வோர் இழையிலும் ஒட்டியது. சோளமாவு கரைத்து ஊற்றும் யோசனையும் பிரிவதைத் தடுத்தது. ஆனால் அந்த வழவழப்பைப் பிள்ளைகள் தொடவே இல்லை.

எதிர்பாராதது உப்பு. வேகவைக்கும்போது லிட்டருக்கு 10 கிராம் போட்டிருந்ததால், அந்த நீரே குழம்புக்கு வேண்டிய உப்பைத் தந்துவிட்டது. டின் சார்டின் சேர்ப்பவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தாமதமாக உண்பவரின் பங்கை, பாக்கெட்டில் குறித்த நேரத்திற்கு 2 நிமிடம் முன்பே இறக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறிக் குழம்பிலிருந்து தனியே மூடிவைக்கிறேன். அவர் வந்ததும் குழம்பையும் மிஞ்சிய நீரையும் விட்டுச் சட்டியில் சூடாக்கினால் இழைகள் பிரிந்துவிடுகின்றன. எண்ணெய் பிசறினால் குழம்பு ஒட்டாது என்று ஒருவர் எச்சரித்திருந்தார். இந்த அளவுக்கு அப்படி நேரவில்லை.