செயின்ட் கில்டா தீவில் ஒரு பகல்: எதைப் பார்ப்பது, எப்படித் திட்டமிடுவது?

வானதி_தெம்பனிஸ்:
அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஸ்காட்லாந்து செல்கிறோம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், சனிக்கிழமை விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கிளம்பிவிடுபவன். செயின்ட் கில்டாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வட யூயிஸ்ட் தீவுக்கும் மேற்கே 64 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் இருக்கும் அந்தத் தீவுக்கூட்டத்துக்குக் காலையில் போய், அன்றே திரும்ப வேண்டும் என்று அறிகிறேன். கரையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் எதைத் தவறவிடக் கூடாது? முழங்கால் வலியுள்ள என் மாமியாரையும் அழைத்துச் செல்லலாமா?

நடைப்பிரியன்:
வானதி அவர்களுக்கு வணக்கம். தீவில் என்ன பார்ப்பது என்பதற்கு முன்னால், அங்கே போய்ச் சேருவது எப்படி என்பதை யோசியுங்கள். பயணச்சீட்டு கையில் இருந்தாலும் அலை உயர்ந்தால் படகு புறப்படாது. கோடையில் ஸ்கை தீவின் ஊய்க் துறையிலிருந்தும், ஹாரிஸ் என்னும் தீவுப்பகுதியின் தென்கோடியில் உள்ள லெவர்பர்க்கிலிருந்தும் படகுகள் செல்கின்றன. ஸ்கையிலிருந்து கடல்வழி நீளம் என்பதால் லெவர்பர்க்கையே நான் பரிந்துரைப்பேன். அங்கிருந்து போக மட்டும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். படகுக்காரர்கள் வழக்கமாக மறுநாளையும் மாற்று நாளாக ஒதுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு நாளுமே காற்று சரியில்லாமல் போவதும் உண்டு என்பதால், ஹாரிஸில் நாலைந்து நாள் தங்கும்படி திட்டமிடுவது நல்லது.

தீவில் உணவகம் கிடையாது. நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டிலேயே விடியற்காலையில் புளிச்சோறு கிளறி எடுத்துச் சென்றோம். ஹாரிஸில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். படகில் ஏறுமுன் பைகளுக்குள் எலி ஏதும் புகுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம்: மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும் பறவைகள் நிறைந்த அந்தத் தீவில் எலியே இல்லை, சினையான ஓர் எலி கரையேறினால் போதும், அவற்றின் கதி அதோகதிதான்.

சிறகன்:
உங்கள் மகனுக்காக எழுதுகிறேன். ஜூன் மிகப் பொருத்தமான மாதம். பிரிட்டனிலேயே மிகப் பெரிய பஃபின் கடற்பறவைக் கூட்டம் அப்போது அங்கே இருக்கும். ஆனால் அவன் மறக்க முடியாதது போரரே தீவாகத்தான் இருக்கும். அங்கே யாரையும் இறக்கிவிடுவதில்லை. படகு அதையும், அருகில் கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஸ்டாக் அன் ஆர்மின், ஸ்டாக் லீ என்னும் இரு பாறைகளையும் நெருங்கிச் செல்லும். ஸ்டாக் அன் ஆர்மினின் உயரம் 196 மீட்டர். 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் போரரேயிலும் இவ்விரு பாறைகளிலும் சேர்த்துச் சுமார் 60,000 இணை கேனட் பறவைகள் இருந்தன. தொலைவில் பாறையின் வெண்மையாகத் தெரிவது, நெருங்க நெருங்கத் தனித்தனிப் பறவைகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் பக்கத்துக் கூட்டின் அலகு எட்டாத அளவுக்கு மட்டும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கும்.

ஹெர்ட்டாவில், அதாவது நீங்கள் இறங்கும் பெரிய தீவில், கற்சுவர்களின் இடுக்குகளைப் பொறுமையாகக் கவனிக்கச் சொல்லுங்கள். பிரிட்டனின் மற்ற இடங்களில் காணும் ரென் குருவியைவிடச் சற்றுப் பெரிய, இங்கு மட்டுமே வாழும் துணையினம் அங்கேதான் இருக்கிறது. மேட்டுப் புல்வெளியில் 'பெரிய ஸ்குவா' என்னும் கடற்பறவை கூடு கட்டியிருந்தால், நெருங்குபவர் தலையைக் குறிவைத்துப் பாயும். கைத்தடியையோ கேமராவின் முக்காலியையோ தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி விலகி நடந்தால் போதும். பறவைக் காய்ச்சலால் அவற்றின் எண்ணிக்கை அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதால், அவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது நம் கடமை.

மலர்விழி:
பறவைகளோடு நிறுத்திவிடாதீர்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் இயற்கைக்காக 1986இலும், பண்பாட்டுக்காக 2005இலும் இடம்பெற்ற தீவு அது. கரையில் கிடைக்கும் நேரத்தில் பாதியையாவது மக்கள் விட்டுச்சென்ற ஊருக்குக் கொடுங்கள். வளைந்த ஒற்றைத் தெருவும், 1860களில் கட்டப்பட்ட 16 வீடுகளும் அங்கே உள்ளன. சிலவற்றுக்குக் கூரை மீண்டும் வேயப்பட்டிருக்கிறது, மற்றவை சுவர்களாக நிற்கின்றன. வீடுகளுக்குப் பின்னால் நீள்வட்டச் சுவருக்குள் இடுகாடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பலர் டெட்டனஸ் நோயால் பத்து நாளைக்கூடக் காணாமல் இறந்தார்கள். அதை அறிந்துகொண்டு போனால், அந்தச் சிறிய இடத்தை யாரும் அவசரமாகக் கடக்க மாட்டார்கள்.

சரிவு முழுவதும் சிதறிக் கிடக்கும் கற்குடில்களுக்குக் 'க்ளெய்ட்' என்று பெயர். ஹெர்ட்டாவில் மட்டும் 1,200க்கு மேல் உண்டு. சாந்தில்லாமல் கல்லை அடுக்கி, மேலே புல்மண் போர்த்தியிருப்பார்கள். ஒன்றின் வாசலில் குனிந்து பாருங்கள்: கற்களின் இடைவெளி வழியே காற்று உள்ளே வரும், கூரை மழையை மட்டும் தடுத்துவிடும். பிடித்த பறவைகளையும் முட்டைகளையும் இறகுகளையும் தீவு மக்கள் அப்படித்தான் காயவைத்துக் காப்பாற்றினார்கள். இன்று அவற்றுக்குள் சோவே ஆடுகள் ஒதுங்குகின்றன.

1930 மே மாதத்தில் தீவு மக்கள் தங்களை வெளியேற்றும்படி அரசுக்கு மனு எழுதினார்கள். ஆகஸ்ட் 29ஆம் தேதி கடைசி 36 பேரும் கப்பலேறினார்கள். நம் செமாக்காவ் பக்கத்துத் தீவுக்காரர்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய கதையைப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தத் தெருவில் நடந்தது மனத்தை மிகவும் பாதித்தது. அங்கே மனு எழுதியவர்களே ஊர்க்காரர்கள் என்பதை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்; இளையவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பிறகு, படகு வலிக்கவும் பறவை பிடிக்கப் பாறையில் இறங்கவும் ஆள் போதவில்லை.

வானதி_தெம்பனிஸ்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரைப் பற்றி மட்டும் தயவுசெய்து சொல்லுங்கள். மலையேறவும் நேரம் இருக்குமா?

நடைப்பிரியன்:
அம்மாவை அழைத்துச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படகு விரிகுடாவில் நங்கூரமிட்டதும், ஆடிக்கொண்டிருக்கும் சிறு ரப்பர் படகுக்கு மாறி, அதிலிருந்து துறைப் படிக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும். முழங்கால் வலியோடு அது ஆபத்து. உங்களில் ஒருவர் அவரோடு ஹாரிஸில் இருக்கலாம். லஸ்கென்டயர் கடற்கரை அங்கேயே இருக்கிறது. வடக்கே அதே தீவிலுள்ள லூயிஸுக்குக் காரில் சென்றால், ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையான கலானிஷ் நெடுங்கற்களைப் பார்க்கலாம். ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணியை அத்தீவுகளில் வாழும் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தறிக்கொட்டகையில் பார்வையாளரை வரவேற்பவர்கள் உண்டு, அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று நம்புகிறேன்.

மலையைப் பொறுத்தவரை, 430 மீட்டர் உயரமுள்ள கோனகரின் உச்சிக்குப் போக ஆசைப்பட்டு ஊரை இழந்துவிடாதீர்கள். அதற்குக் கீழே, இரு குன்றுகளுக்கு நடுவிலுள்ள 'கேப்' வரை ஏறினாலே போதும். அங்கே புல்வெளி சட்டென்று முடிந்து செங்குத்துப் பாறை தொடங்குவதால், விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள். முதலில் படகை முன்பதிவு செய்யுங்கள், அந்தத் தேதிகளை வைத்து ஹாரிஸில் வீடு பிடியுங்கள், சாங்கியிலிருந்து விமானச்சீட்டை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.