30 மணி நேர இலவசப் பராமரிப்பு: மணிக்கணக்கு வேண்டாம், பணமாகவே கொடுக்கட்டும் (இங்கிலாந்து)

நிலா_ஈலிங்:
2025 செப்டம்பரிலிருந்து வேலைக்குப் போகும் பெற்றோரின் 9 மாதக் குழந்தைக்கும் அரசு செலவில் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்பு உண்டு. ஆனால் அது பள்ளி நடக்கும் 38 வாரங்களுக்குத்தான், அதாவது ஆண்டுக்கு 1,140 மணி. முழு ஆண்டும் இயங்கும் நர்சரிகள் (குழந்தைக் காப்பகங்கள்) அதை 51 வாரத்துக்குப் பரப்பிவிடும்போது வாரத்துக்கு 22 மணி சொச்சம்தான் தேறுகிறது. காலை 8 முதல் மாலை 6 வரை ஐந்து நாள் விட்டால் 50 மணி. மீதி 28 மணிக்கு நர்சரி வைத்ததுதான் விலை. அந்தத் தொகையை நேராகப் பெற்றோர் கணக்கில் போட்டால் எந்த நர்சரி, எந்த நேரம் என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

மழலை74:
பணமாகக் கொடுத்தால் மறுமாதமே கட்டணம் அந்த அளவுக்கு ஏறும். இப்போது மணிக்கு இவ்வளவு என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வழியாக நர்சரிக்கு வருகிறது. அந்தத் தொகை தன் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைவு என்று, இலவச மணிகளுக்கு வித்தியாசத் தொகை வாங்க நர்சரிக்கு அனுமதி இல்லை. சாப்பாடு, நாப்பி (டயப்பர்), சன் கிரீம் இவற்றுக்குக் கேட்கலாம், ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது, பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். "இதர கட்டணம்" என்று ஒரே வரியில் வந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

நிலா_ஈலிங்:
சட்டம் சரி. "மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொடுத்துவிடுகிறேன்" என்றால் இடமே இல்லை என்கிறார்களே?

மழலை74:
இடம் இல்லாததற்கு வேறு காரணம் இருக்கிறது. 2 வயதுக்குக் கீழே 3 குழந்தைக்கு ஓர் ஊழியர் கட்டாயம். 2 வயதில் 5 பேருக்கு ஒருவர், 3 வயதுக்கு மேல் 8 பேருக்கு ஒருவர். கைக்குழந்தை அறையில் ஒருவர் லீவு போட்டால் மூன்று இடம் போச்சு. பணத்தைப் பெற்றோர் கையில் கொடுப்பதால் அந்த ஊழியர் வந்துவிடுவாரா?

கணக்கர்_ஹாரோ:
பணமாகக் கொடுக்கும் திட்டமும் இருக்கிறதே, டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர். அதற்கான கணக்கில் நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும். உச்சவரம்பு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டு, மாற்றுத்திறன் குழந்தைக்கு 1,000. அதாவது மாதம் 833 பவுண்டு பில் வரைக்கும்தான் 20 சதவீதம் முழுசாகக் கிடைக்கும். இலவச மணி போக மிச்சமுள்ள பில்லுக்கு இதைப் பயன்படுத்தலாம், இரண்டும் சேர்ந்து செல்லும். யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவர்களுக்கு மட்டும் இது கிடையாது. அங்கே செலவில் 85 சதவீதம் வரை தனியாக வரும், ஆனால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்க வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் மாதத்துக்கு முன்பணம் உண்டா என்று ஜாப் சென்டரில் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) கேட்டுவிடுங்கள்.

எனக்கு எரிச்சல் தருவது 1,00,000 பவுண்டு வரம்புதான். தம்பதியில் யாராவது ஒருவரின் வருமானம் அதைத் தாண்டினால் 30 மணியும் போச்சு, 20 சதவீதமும் போச்சு. ஆளுக்கு 99,000 வாங்கும் தம்பதிக்கு முழுசாகக் கிடைக்கும், ஒருவர் 1,01,000 மற்றவர் 15,000 என்றால் இல்லை. இதில் என்ன நியாயம்? பென்ஷனில் கூடுதலாகப் போட்டு வரம்புக்குள் இறங்கலாம், ஆனால் வரி ஆண்டு முடியும் ஏப்ரல் 5க்குள் போட வேண்டும். போனஸ் மார்ச்சில் வருகிறவர்கள் கவனம்.

வன்னியன்_எடின்பரோ:
லட்சம் பவுண்டு உழைக்கிறவருக்காக அழ என்னால ஏலாது அண்ணை. இஞ்ச ஸ்கொட்லாந்தில 3, 4 வயதுப் பிள்ளையள் எல்லாருக்கும் அதே 1,140 மணித்தியாலம். தாய் தகப்பன் வேலை செய்யினமோ, எவ்வளவு உழைக்கினமோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. இங்கிலாந்தில எல்லாருக்கும் எண்டு இருக்கிறது 15 மணித்தியாலம்தான், அதுவும் 3 வயசு முடிஞ்ச பிறகு வாற பள்ளிக்கூடத் தவணையில இருந்து. வேலை செய்யிற வீட்டுக்கு மட்டும் கூடக் குடுத்தா, வேலை தேடுற தாய் பிள்ளையை எங்க விட்டிட்டு இன்டர்வியூவுக்குப் போறது?

கணக்கர்_ஹாரோ:
3 வயதுக்குக் கீழே அங்கும் எல்லாருக்கும் இல்லையே?

வன்னியன்_எடின்பரோ:
ஓம், 2 வயதில குறிப்பிட்ட ஆக்களுக்கு மட்டும்தான். அதில இங்கிலாந்து முன்னுக்கு நிக்குது, ஒத்துக்கொள்றன்.

நிலா_ஈலிங்:
விசா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கான ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் பெற்றோர் இருவருக்குமே பொது நிதி (அரசு உதவித்தொகைகள்) பெற அனுமதி இல்லை என்றால் 30 மணி கிடையாது, டாக்ஸ் ஃப்ரீயும் கிடையாது. 3 வயதுக்கு மேல் வரும் 15 மணி உண்டு. வரி கட்டுவதில் யாருக்கும் விலக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் வாதம் அப்படியேதான் நிற்கிறது: மணியாகக் கொடுப்பதால் நர்சரி நேரத்துக்கு ஏற்ப வேலையை வளைக்க வேண்டியிருக்கிறது. இரவுப் பணி செய்யும் நர்ஸுக்கு இது எப்படி உதவும்?

மழலை74:
பதிவு பெற்ற சைல்ட்மைண்டரிடமும் (வீட்டில் வைத்துக் குழந்தை பார்ப்பவர்) அந்த மணியைப் பயன்படுத்தலாம், ஆனால் இரவு 8 மணிக்குப் பிறகு செல்லாது. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

யாராக இருந்தாலும் கோட் (30 மணிக்குத் தகுதி உண்டு என்று காட்டும் எண்) வாங்கும் தேதியை விட்டுவிடாதீர்கள். செப்டம்பரில் சேர ஆகஸ்ட் 31, ஜனவரிக்கு டிசம்பர் 31, ஏப்ரலுக்கு மார்ச் 31. இதற்குள் 11 இலக்க கோட் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு பள்ளிப் பருவம் முழுக்கச் சொந்தக் காசு. பிறகு தகுதி தொடர்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். நினைவூட்டல் மின்னஞ்சல் ஸ்பாமில் போய் விழும், போனில் அலாரம் வையுங்கள்.